பெருங்காய டப்பாவுடன் ஏழு நாள்

ஹீமோகுளோபின் 7.4க்கு இறங்கிய பிறகுதான் என்னை எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் மூன்று வருடம் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, ‘சமையல்காரர்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, அதனால் அல்சர்’ என்ற தீர்ப்பு. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடலில் கிள்ளி எடுத்த சதைத் துணுக்கும் சேர்ந்து சொன்ன பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பே என் குடலைத் தாக்கும். மருந்து மாத்திரை கிடையாது. அந்தத் தானியங்களை ஆயுள் முழுக்க விட்டுவிடுவதுதான் வைத்தியம்.

நான் சென்னையில் 22 வருடம் பரோட்டா மாஸ்டர். பிசைந்த மைதாவை இழுத்தால் அறாமல் நீண்டு வருகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். அதை நன்றாக வளர்க்கத் தெரிந்தவனைத்தான் நல்ல மாஸ்டர் என்பார்கள். குடலின் உள்பக்கம் டர்க்கி டவல் போல இழைஇழையாக இருக்க வேண்டுமாம். எனக்கு எட்டு முழ வேட்டி போல ஆகிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார்.

இப்போது அதே முதலாளியின் இட்லி, தோசைப் பக்கத்துக்கு மாறிவிட்டேன். தனிக் கட்டடம், மைதாப் புழுதி வராது. பதின்மூன்று மாதமாகிறது. ரத்தம் 11.8க்கு ஏறியிருக்கிறது.

என்னிடம் ஏழு வருடம் வேலை கற்ற தம்பி ஒருவன் மே மாதம் செங்கோட்டைப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். பரோட்டாக் கடைதான். “மாஸ்டர் வந்து பார்க்காத கடை என்ன கடை” என்று வாரம் ஒரு போன். கிளம்பிவிட்டேன். பையில் சிறிய இரும்புத் தோசைக்கல், ஒரு சட்டுவம், வீட்டில் இடித்த இட்லிப் பொடி, ஒரு டப்பாவில் மாவு கலக்காத பால் பெருங்காயம். இந்தப் பெருங்காயம் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். மரத்துண்டு போல, அல்லது தூளாக நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசின் கொஞ்சம்தான். மீதி பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். சாம்பார், ரசம், பொடி, ஊறுகாய், புளியோதரை என்று தமிழ்ச் சமையலில் கோதுமை கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் புழக்கடை வாசல் அதுதான்.

என் மனைவி டப்பாவைப் பார்த்துவிட்டு, “பழைய பரோட்டா மாஸ்டர் கையில் பெருங்காய டப்பா. பொருத்தமாகத்தான் இருக்கிறது” என்றாள்.

ஜூலை 8, திங்கள் – மதுரை

விடிவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். ஊர் தூங்குகிற நேரத்திலும் மதுரையில் எங்கோ ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். இன்றைக்குப் பருத்திப்பால். தள்ளுவண்டியில் பெரிய தவலை, பக்கத்தில் ஓர் அம்மா. பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலம். “அம்மா, இதில் அரிசி மாவு மட்டும்தானா?” என்று கேட்டேன். “வேறு என்ன மாவு போடுவார்கள்? நீ எந்த ஊர்?” என்று திருப்பிக் கேட்டார். 20 ரூபாய். அடியில் தங்கிய சுக்கின் காரத்தோடு கடைசி மடக்கு இறங்கும்போது இரவுப் பயணத்தின் அலுப்பு போய்விட்டது. இன்னொன்று வாங்கினேன்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லிக் கடை. மதுரை இட்லியைப் பற்றி எனக்கு ஒரு தொழில்முறைப் பொறாமை உண்டு. சென்னைத் தண்ணீரில் எவ்வளவு ஆட்டினாலும் அந்தப் பதம் வருவதில்லை. சர்வர் தம்பி சாம்பார் வாளியோடு வந்தான். வேண்டாம் என்றேன். பொடி? அதுவும் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. பையிலிருந்து பொடியை எடுத்தேன். பக்கத்து இலைப் பெரியவர், “சுகரா தம்பி?” என்று கேட்டார். இல்லை ஐயா, கோதுமை ஆகாது என்றேன். அவர் காதில் கோதுமை என்பது மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். “அதுதான் நல்லது. இட்லியை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறுங்கள். எனக்கு 280 இருந்தது, 160க்கு வந்துவிட்டது.”

இந்தப் பயணத்தில் இதை இன்னும் எத்தனை தடவை கேட்கப்போகிறேனோ தெரியவில்லை. தமிழ்நாட்டில் ஒருவன் ஒரு பண்டத்தை வேண்டாம் என்றால் அது சர்க்கரை வியாதி. அதற்கு மாற்று சப்பாத்தி. இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று இருக்க முடியாது.

பகல் முழுக்க வெயில் கொளுத்தியது. ஜிகர்தண்டா குடித்தேன். பால், கடற்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம், எதிலும் பயமில்லை. மதியம் ஒரு மெஸ்ஸில் சோறும் ஆட்டுக்கறிச் சுக்காவும். சமையலறை வாசல் வரை போய்ச் சரக்கு மாஸ்டரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், அவ்வளவுதான் என்றார். கேட்டதில் கோபமில்லை. நானும் தொழில்காரன் என்று தெரிந்ததும், ஈரல் கொஞ்சம் தனியாக வதக்கிக் கொடுத்து அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரவு ஏழு மணிக்கு மேல் தெருவில் நடந்தால் கொத்துப் பரோட்டாச் சத்தம். இரண்டு கடைக்கு ஒரு தாளம். அந்தச் சத்தத்திலேயே எனக்குக் கை தினவெடுக்கும். நெருங்கிப் போகவில்லை. சாப்பிட ஆசை இருந்ததா என்றால், பெரிதாக இல்லை. வாசனையில் சால்னாவைத்தான் தேடினேன். ஆனால் சால்னாவிலும் நம்பிக்கை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் நீர்த்துப்போனால் ஒரு கைப்பிடி மைதாவைக் கரைத்து ஊற்றுகிற கடைகள் உண்டு. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நானே ஊற்றியிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய் – விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி

ஒரே நாளில் மூன்று ஊர், நான்கு பஸ். விருதுநகரில் இறங்கியது எண்ணெய்ப் பரோட்டாக் கல்லைப் பார்க்க மட்டும்தான். நடுவில் குழிந்த பெரிய கல், அதில் குளம் போல எண்ணெய், ஓரத்து மேட்டில் வெந்த பரோட்டா உள்ளே சறுக்கி விழுந்து மொறுமொறுவென்று எழுந்து வரும். பகல் பதினொன்றரைக்குக் கல் இன்னும் சூடேறவில்லை. மாஸ்டர் மாவுக்கு ஈரத்துணி போட்டு மூடிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தள்ளி நின்று பேசினோம். நான் எதையும் வாங்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு தொழில்காரன் இன்னொருவன் கல்லைப் பார்க்க வருவது அவருக்கு இயல்பாகவே பட்டது.

சாத்தூர் பஸ் நிலையத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள் ஜன்னல் வழியாக ஏறாத குறை. கீறி மிளகாய்ப் பொடி தூவிய நான்கு பிஞ்சு 20 ரூபாய். அந்த வெயிலுக்கு வேறு எதுவும் ஈடாகாது. காராச்சேவு கடலை மாவு, அரிசி மாவு, பூண்டு, மிளகாய் என்று நின்றுவிடும் சரக்கு. ஆனால் கடைக்காரரிடம் கேட்டபோது, காயம் போடாமல் காராச்சேவா என்று வருத்தப்பட்டார். என்ன காயம்? உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். படித்தோம். கோதுமை மாவு என்று இருந்தது. “முப்பது வருடமாகப் போடுகிறேன், இன்றைக்குத்தான் படிக்கிறேன்” என்றார். விற்க முடியாத வருத்தத்தைவிட, தன் சரக்கில் தனக்குத் தெரியாத ஒன்று இருந்ததே என்ற வருத்தம்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

கோவில்பட்டியில் அந்தத் தொல்லை இல்லை. கடலை, வெல்லப்பாகு, வேறொன்றும் வேண்டாம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். பாகு முறுகும் ஒரு நொடி முன்பு கடலையைக் கொட்ட வேண்டும். அந்த ஒரு நொடிக்குத்தான் கூலி. அரைக் கிலோ வாங்கினேன். எட்டயபுரம் தாண்டுவதற்குள் கால்வாசி காலி.

ஜூலை 10, புதன் – தூத்துக்குடி

காற்று. கடலோர ஊர், குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தால் அனல் காற்று மணலை வாரிக் கண்ணில் போடுகிறது. இந்த ஊருக்கு நான் வந்ததே மக்ரூனுக்காக. முந்திரிப் பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை. மாவென்று பேச்சே இல்லை. போர்ச்சுகீசியர்கள் வழியாக வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, முந்திரித் தூளை நோகாமல் கலந்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் காயவிடுவார்கள். வாயில் போட்டால் முதலில் நொறுங்கும், பிறகு கரையும், கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் ஒட்டும். எனக்காகவே செய்தது போன்ற பண்டம்.

பேக்கரிக்குள் நுழைந்ததும் புரிந்துவிட்டது. ஒரு பக்கம் பன், ஒரு பக்கம் ரொட்டி, நடுமேசையில் மைதா மூட்டை வாய் திறந்து நிற்கிறது. கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடம் விவரம் சொன்னேன். அவர் யோசித்தார். உள்ளே போய் மாஸ்டரைக் கேட்டுவிட்டு வந்தார். “மக்ரூனில் மாவு கிடையாது, சத்தியம் செய்வேன். ஆனால் அதே அடுப்பு, அதே தட்டு. பன் எடுத்த பிறகுதான் இதை வைக்கிறோம். உங்கள் வயிற்றுக்கு நான் ஜவாப்தாரி ஆக முடியாது, வாங்காதீர்கள்.”

வருகிற வியாபாரத்தை வாசலோடு திருப்பி அனுப்புகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டுக்கென்று கால் கிலோ வாங்கினேன், 250 ரூபாய். அதை மூன்று கவரில் சுற்றிப் பையின் தனி அறையில் வைத்தேன். பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சடிக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம். ஒரு தட்டின் ஓரத்தில் ஒட்டிய பன் துகள் அந்தக் கணக்கை முடித்துவிடும்.

மதியம் சாளை மீன் குழம்பு, சோறு. வறுவல் வேண்டாம் என்றேன். மீன் உடையாமல் இருக்க மசாலாவில் மைதா சேர்ப்பது ஊருக்கு ஊர் உண்டு. குழம்பு போதும். அந்தப் புளிப்புக்கு இரண்டு முறை சோறு வாங்கினேன்.

ஜூலை 11, வியாழன் – திருநெல்வேலி

இன்று மதியம் வரை நன்றாகப் போனது.

சொதி சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு வைப்பது. தேங்காயை மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதற்பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். புளி கிடையாது, மிளகாய்ப் பொடி கிடையாது. பெருங்காயத்துக்கு அங்கே வேலையே இல்லை. இவ்வளவு தேங்காய்ப் பால் வயிற்றில் மந்தம் தட்டாமல் இருக்கக் கூடவே இஞ்சித் துவையல். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குச் சிப்ஸ்.

வீட்டோடு சேர்ந்து மெஸ் நடத்தும் ஓர் அக்காவிடம் முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். அவர் எனக்கென்று தனிச் சட்டி எடுத்துவைத்திருந்தார். துவையலைப் புதிதாக அம்மியில் அரைத்தார். “உளுந்து ஆகுமா? எள் ஆகுமா? கடுகு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்படிக் கேட்டுச் சமைக்கிறவர் வீட்டில் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது! சொதியை நான் பருகினேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதற்பாலின் இனிப்பும் பச்சைமிளகாயின் வாசனையும் சேர்கிற இடத்தில் எலுமிச்சை வந்து நிற்கிறது. வாழ்நாள் முழுக்க மசாலாவில் வெந்தவனுக்கு இவ்வளவு அடக்கமான ருசி புதிது. சிப்ஸ் தட்டு காலியாகக் காலியாக அக்கா நிரப்பினார். நானும் மறுக்கவில்லை.

ஐந்து மணிக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வா வரிசையில் நின்றேன், தம்பியின் கடைக்கு வாங்கிப் போக. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. எனக்கு அதைவிடப் பெரிய விஷம் உலகத்தில் இல்லை. முன்னால் பதினைந்து பேர் இருக்கும்போதே அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. அந்த வலி எனக்குத் தெரியும். அல்வா வாங்காமல் ஆட்டோவில் ஏறி லாட்ஜுக்கு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சோறு, சொதி, துவையல், மோர். ஆட்டோ ஸ்ரீபுரம் தாண்டும்போது பிடிபட்டது. சிப்ஸ் பொரித்த எண்ணெய். காலைப் பலகாரம் பூரி என்று வாசல் கரும்பலகையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். பூரி பொரித்த எண்ணெயைக் கொட்டிவிட்டா மத்தியானம் புது எண்ணெய் வைப்பார்கள்? நானே வைக்க மாட்டேனே. எல்லாவற்றையும் கேட்ட வாய், தனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டது.

திருநெல்வேலியில் எனக்கு அல்வா கொடுத்தது உருளைக்கிழங்கு.

ஜூலை 12, வெள்ளி – திருநெல்வேலி

நாள் முழுக்க அறையும் கழிவறையும். எழுந்து நின்றால் முழங்கால் நடுங்குகிறது. தம்பிக்குப் போன் செய்து நாளை வருகிறேன் என்றேன். அக்கா இரண்டு முறை கூப்பிட்டார், சொதி பிடித்திருந்ததா என்று கேட்க. பிடித்திருந்தது என்றேன். அது உண்மைதான். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு வாரம் தூங்க மாட்டார். சொல்லாமல் விட்டால் அடுத்து வரும் என்னைப் போன்ற ஒருவனுக்கு அதே எண்ணெய். மாலையில் மனம் கேட்காமல் நானே கூப்பிட்டு, பூரிச் சட்டியை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்வது போலச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “வயிறு கெட்டுவிட்டதா தம்பி?” என்றார். பொய் சொல்ல வரவில்லை.

படுத்திருக்கும்போது பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். வடநாட்டு அம்மா ஒருவர், கூடவே நோஞ்சானாக ஒரு பையன். தோசையில் கோதுமை இருக்கிறதா என்று ஆங்கிலத்திலும் சைகையிலும் கேட்டார். சர்வர் என்னிடம் வந்தான். “தோசையில் எங்கே கோதுமை? போடச் சொல்” என்று சொல்லிவிட்டு, பரோட்டா எடுத்த அதே கல்லில், அதே சட்டுவத்தால் சுட்டுக் கொடுத்தேன். முறுவலுக்கு மாவில் ஒரு பிடி ரவையும் இருந்தது. அந்தப் பையன் இரண்டு தோசை சாப்பிட்டான். அன்றிரவு அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று பிடித்தவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45இல், ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950இல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார். என் டாக்டர் இதைக் கதை போலச் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. இன்று படுக்கையில் கிடந்து யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள், ரொட்டி வந்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷமாக ஊட்டியிருப்பார்கள்.

லாட்ஜில் வேலை செய்யும் பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். காலையில் தண்ணீர் கொண்டுவந்தபோது என் நிலைமையைப் பார்த்தான். எதுவும் வாங்கி வர வேண்டாம், கடைச் சாப்பாடு ஆகாது என்று காரணத்தையும் சொன்னேன். மத்தியானம் கதவு தட்டினான். தூக்குவாளியில் நொய்க் கஞ்சி, மூடியில் நான்கு சின்ன வெங்காயம். “அண்ணாச்சி, எங்கள் ஆச்சி வைத்தது. கோதுமை இல்லை, காயம் இல்லை, மூன்று தடவை கேட்டுவிட்டேன். நான்காவது தடவை கேட்டதற்கு அடிக்க வந்துவிட்டது.” பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. கோவில்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டான்.

கஞ்சியில் உப்பு கொஞ்சம் தூக்கல். அந்த நேரத்துக்கு அதுதான் தேவையாக இருந்தது.

ஜூலை 13, சனி – குற்றாலம், பிரானூர்

ஆலங்குளம் தாண்டியதும் காற்றில் ஈரம். தென்காசியில் சாரல். நான்கு நாள் வெயிலில் வெந்த உடம்பு அப்படியே நிமிர்ந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் அருவிப் பக்கம் நெருங்க முடியவில்லை. தூரத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு மங்குஸ்தான் வாங்கினேன். கிலோ 300 சொல்லி 260க்கு வந்தார். ஊதா ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிளந்தால் உள்ளே வெள்ளைச் சுளை. யாரிடமும் எதையும் கேட்காமல் தின்னக்கூடிய பொருள் என்பதாலேயே எனக்குப் பழங்கள் மீது இப்போது தனி மரியாதை.

பிரானூர் பார்டருக்குக் கேரளத்திலிருந்து கார் கார்களாக வந்து பரோட்டாவும் கோழியும் சாப்பிடுகிறார்கள். தம்பியின் கடை அங்கிருந்து கொஞ்ச தூரம். எட்டு மேசை, ஒரு கல், இரண்டு ஆள். என்னைப் பார்த்ததும் காலைத் தொட வந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டான். கை, சட்டை எல்லாம் மைதா. “குளித்துவிட்டு வருகிறேன் மாஸ்டர்” என்று ஓடினான். உண்மையிலேயே குளித்துவிட்டு வந்தான்.

பின்கட்டில் எனக்கென்று தனி அடுப்பு, வாங்கி இரண்டு நாளே ஆன கல், ஒட்டுச்சீட்டுகூடக் கிழிக்காத எண்ணெய்ப் பாக்கெட். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: “கோழிக்குக் கார்ன் மாவு மட்டும், பாக்கெட் இதோ. காயம் நீங்கள் கொண்டுவந்ததைத்தான் போடப்போகிறேன். எண்ணெய் புதுசு. கரண்டி என் வீட்டிலிருந்து வந்தது, பெண்டாட்டி திட்டினாள்.” எண்ணெய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கல் தோசையும் நாட்டுக்கோழிக் குழம்பும். குழம்பு என் கைப்பக்குவத்தில் இல்லை. மிளகு தூக்கலாக, அவன் அம்மா வீட்டுப் பக்குவம். அதைச் சொன்னபோது வெட்கப்பட்டான். எனக்கு அதுதான் பிடித்தது.

சாப்பிட்டு முடித்ததும், எனக்காக அவன் செய்துவைத்திருந்த ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தான். பரோட்டா! அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்து, ஒட்டுவதற்கு இசப்கோல் உமி போட்டுப் பிசைந்தது. இழுவை இல்லாத மாவை எப்படி வீசுவது? தட்டி, எண்ணெய் தடவி, மடித்து, சுருட்டியிருக்கிறான். சுட்டதில் ஓட்டு வீட்டு ஓடு போல விறைத்து நின்றது. அடித்தான், மூன்றாக உடைந்தது. நானும் வீட்டில் ஆறு மாதமாக இதையே செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்னுடையது ஈரத்துணி போலக் கிழியும், அவனுடையது ஓடு போல உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. வெந்நீரில் பிசைந்தாயா, உமியை முதலில் ஊறவைத்தாயா என்று அரை மணி நேரம் தொழில் பேசினோம். உடைந்த மூன்று துண்டையும் குழம்பில் ஊறவைத்துத் தின்றுவிட்டேன். மோசமில்லை. பரோட்டாவும் இல்லை.

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நான் எதிர்ப்புறம் டீக்கடைத் திண்ணையில், காற்று என் பக்கமிருந்து வீசும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அங்கிருந்தே கல் தெரிந்தது. வீச்சு நன்றாக இருக்கிறது. தோள் இறங்காமல் மணிக்கட்டில் வீசுகிறான், நான் சொல்லிக் கொடுத்தபடி. ஐந்தை அடுக்கி அடிக்கும்போதுதான் சத்தம் சரியில்லை. பரோட்டா அடிக்கும் சத்தம் இலை சலசலப்பது போல உதிர வேண்டும். இது மொத்தென்று விழுகிறது. போன் போட்டேன். சாலைக்கு அந்தப் பக்கம் தோளில் போனை இடுக்கிக்கொண்டு எடுத்தான்.

“உருண்டை எவ்வளவு நேரம் ஊறியது?”

“ஒரு மணி நேரம் மாஸ்டர், நம் கடையில் போலத்தான்.”

“அது சென்னை வெயிலுக்கு. இங்கே சாரல் காற்று, மாவு விறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் விடு.”

எட்டு மணிக்கு அடுத்த மாவு வந்தது. அடித்தான். சாலையில் கேரள பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதைத் தாண்டியும் சத்தம் கேட்டது. இலை உதிர்ந்தது. தம்பி சட்டுவத்தைத் தூக்கி என் பக்கம் காட்டினான்.

பெருங்காய டப்பாவை அவன் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதில் ‘கோதுமை ஆகாதவர்களுக்கு’ என்று அவனே பேனாவால் எழுதி ஒட்டினான். அந்தப் பக்கம் அப்படி எத்தனை பேர் வருவார்களோ.

ஜூலை 14, ஞாயிறு – ஸ்ரீவில்லிபுத்தூர், ரயில்

ஆண்டாள் கோயிலைச் சுற்றிப் பால்கோவாக் கடைகள். பாலும் சர்க்கரையும் மட்டும், அடி பிடிக்காமல் கிளறும் கையும். 2019இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பில் கிளறியது என்று எழுதியிருந்த கடையில் நின்று கிளறுகிறவரைப் பார்த்தேன். பால் ஓரத்தில் ஏடு கட்ட, அதை வழித்து நடுவில் தள்ள, மறுபடி ஏடு கட்ட. பரோட்டா போலவே இதுவும் மணிக்கட்டு வேலை. சூடாக ஒரு கரண்டி இலையில் வைத்துக் கொடுத்தார். ஒரு கிலோ வாங்கினேன்.

இரவு ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். ராஜபாளையத்தில் ஏறியவர்களாம். சிவகாசி தாண்டியதும் அந்த அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். சப்பாத்தி, உருளைக்கிழங்கு மசாலா. என்னிடம் இரண்டை நீட்டினார். வேண்டாம் அம்மா, வயிற்றுக்கு ஆகாது என்றேன்.

“சுகரா தம்பி?” என்றார் பெரியவர். “சப்பாத்திதான், தைரியமாகச் சாப்பிடுங்கள்.”

ஏழு நாளில் இது ஒன்பதாவது தடவை. விளக்கும் தெம்பு இல்லை. சும்மா சிரித்துவிட்டு, பதில் மரியாதைக்குப் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். அவர் கை பாதி தூரம் வந்தது. மனைவியைப் பார்த்தார். கை திரும்பிவிட்டது.

“எனக்குச் சுகர்” என்றார்.

அவர் சப்பாத்தியைப் பிய்த்தார். நான் பால்கோவாவை விரலால் வழித்தேன். மதுரை வரும் வரை ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.